மாளிகைமேட்டைச் சுற்றி ஊர்ப்பெயர் சேகரிப்பது எப்படி?

கும்பகோணத்தில் அணைக்கரை வழியாகப் போகும் பேருந்தில் ஏறினால் கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் பக்கத்திலேயே இறங்கிவிடலாம். இறங்குகிறவர்கள் எல்லாரும் நேரே கோயிலுக்குள் போவார்கள். நீங்களும் போங்கள், நின்று நிதானமாகப் பாருங்கள். ஆனால் வெளியே வந்ததும் பேருந்துக்கு நிற்காமல் தென்மேற்குப் பக்கமாக இரண்டு கிலோமீட்டர் நடந்தால் உட்கோட்டை என்ற ஊர் வரும். அங்கேதான் மாளிகைமேடு இருக்கிறது. முதலாம் ராஜேந்திர சோழனும் அவனுக்குப் பின்வந்தவர்களும் குடியிருந்த அரண்மனை நின்ற இடம். 1025 வாக்கில் தலைநகரான ஊர், 1279-இல் சோழர் ஆட்சி முடிகிறவரை, ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு தலைநகராகவே இருந்தது.

இன்று அங்கே மதில் இல்லை, வாசல் இல்லை, மாடம் இல்லை. அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் சுவர்களின் அடிப்பகுதி மட்டும் தரைமட்டத்தில் தெரிகிறது. ஆனால் சுற்றுவட்டார ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள்: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், யுத்தப்பள்ளம், வீரசோழபுரம், கடாரங்கொண்டான். கட்டடம் போய்விட்ட இடத்தில் பெயர்கள் நிற்கின்றன. ஊர்ப்பெயர்களாவது பலகையிலும் பட்டாவிலும் இருக்கின்றன. அதற்கும் கீழே கொல்லை என்கிற புன்செய் நிலத்துக்கும் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் ஒற்றையடிப் பாதைக்கும் இருக்கிற பெயர்கள் எழுத்தில் ஏறாதவை, பெரியவர்கள் வாயில் மட்டும் இருப்பவை. அவற்றைச் சேகரிக்க ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வரலாறு படித்திருக்க வேண்டும் என்பதில்லை. பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

கிளம்புவதற்கு முன் வீட்டில்

வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாடு அரசின் இணைய நிலச்சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் புல எண் வாரியாக ‘அ’ பதிவேடு என்கிற நிலப் பதிவேட்டு விவரமும், நிலத்தை அளந்து வரைந்த புலப்படமும் பார்க்கலாம். அரியலூர் மாவட்டத்தின் வருவாய்க் கிராமப் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எந்த ஊர் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் என்று பிடிபடும். திசை முக்கியம். கோயில் அரண்மனைக்கு வடகிழக்கே, அதாவது ஈசான மூலையில் அமைந்தது. அரண்மனையை நடுவில் வைத்துப் பார்த்தால்தான் மற்ற ஊர்கள் எங்கே நிற்கின்றன என்பதற்குப் பொருள் கிடைக்கும்.

அப்புறம், எந்தச் சொற்களுக்குக் காது கொடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். கோட்டை, மதில், அகழி, வாசல், கொத்தளம், மாளிகை, படை, காவல், களம், மேடு, திடல், பெருவழி, மடம், ஏரி. கும்பகோணத்துக்குத் தெற்கே பழையாறைப் பக்கம் போனால் இந்தப் பட்டியல் எப்படி உதவும் என்பது சட்டென்று புரியும். அதுவும் சோழர் அரண்மனை இருந்து மறைந்த ஊர்தான். அங்கே ஒரு ஊரின் பெயரே சோழன்மாளிகை. சுற்றி நான்கு படையூர்கள்: ஆரியப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர். நான்கையும் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். அரண்மனையைச் சுற்றிப் படைகள் தங்கியிருந்த கதை தானாகக் கண்முன் வரும்.

இந்தப் பட்டியல் ஏமாற்றவும் செய்யும். உட்கோட்டைக்கு அக்கம்பக்கத்தில் தழுதாழைமேடு என்று ஓர் ஊர் உண்டு. மேடு என்றதும் புதைந்த கட்டடம் என்று துள்ளக் கூடாது. தழுதாழை ஒரு மூலிகைச் செடி, வாத நோவுக்கு இலையைக் காய்ச்சி ஊற்றுவார்கள். அந்தச் செடி மண்டிய மேடு, அவ்வளவுதான். களம் என்றால் போர்க்களமும் களம், நெல்லடிக்கிற இடமும் களம். கோட்டை என்பது தென்மாவட்டங்களில் நெல் அளவுக்கும் பெயர். அய்யப்பநாயக்கன்பேட்டை, முத்துசேர்வாமடம் போன்ற பெயர்களில் நாயக்கன், சேர்வை என்ற சொற்கள் சோழருக்குப் பிற்பட்ட காலத்தைக் காட்டுகின்றன. ஒரே வட்டாரத்தில் பல காலத்துப் பெயர்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும். எந்த அடுக்கு எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையின் ருசியே.

களத்தில் யாரிடம், எப்படிக் கேட்பது

தை, மாசி மாதங்களில் போவது நல்லது. வெயில் தாங்கும், மக்களும் ஓரளவு ஓய்வாக இருப்பார்கள். பங்குனி, சித்திரையில் முந்திரி வேலை மும்முரமாக நடக்கும். அப்போது போய் யாரையும் நிறுத்திவைத்துப் பேசாதீர்கள்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, வந்த காரணத்தைச் சொல்லிவிடுங்கள். வெளியூர் ஆள் நோட்டும் கையுமாகக் கொல்லைகளில் திரிந்தால் நிலம் எடுக்க வந்தவர் என்று ஊர் நினைக்கும். அந்தப் பயம் நியாயமானது. நீங்கள்தான் அதைப் போக்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? ஆடு மாடு மேய்க்கிறவர்கள், வாய்க்காலில் நீர் பாய்ச்சுகிறவர்கள், நூறுநாள் வேலையில் குளம் வெட்டுகிறவர்கள், கோயிலில் பூசை செய்கிறவர்கள், சாமி ஊர்வலத்தில் தீவட்டி பிடித்தவர்கள். தினமும் காலால் நிலத்தை அளக்கிறவர்களுக்குத்தான் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் தெரியும். டீக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் கதை. கொல்லையில் கிடைப்பது பெயர். இரண்டும் வேண்டும், ஆனால் பெயர் முதலில்.

கேட்கும் முறைதான் எல்லாம். நான் முதல் தடவை போனபோது டீக்கடையில் ஒருவரிடம், “இந்தப் பக்கம் யானை லாயம் இருந்திருக்குமோ?” என்று கேட்டேன். எங்கோ படித்ததை வைத்து நானாக ஊகித்தது. அவர் மரியாதைக்காக, “இருந்திருக்கும் சார்” என்றார். இரண்டு மாதம் கழித்து அதே ஊரில் வேறொருவர் என்னிடம், “அந்தப் பக்கம் ராஜா யானை கட்டின இடம் இருந்துச்சாம்” என்று சொன்னார். யார் சொன்னது என்று கேட்டேன். “டவுன்லேருந்து ஒருத்தர் வந்து சொன்னாராம்.” அந்த ஒருத்தர் நான்தான். ஓர் ஊரின் நினைவுக்குள் என் ஊகத்தை நானே விதைத்துவிட்டேன். அன்றைக்கு வந்த கலக்கம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: பதிலைக் கேள்விக்குள் வைக்காதீர்கள்.

அப்படியானால் எப்படிக் கேட்பது? முந்திரித் தோப்பு ஓரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன். அந்தப் பக்கம் பாட்டியை ஆயா என்பார்கள்.

“ஆயா, இந்தக் கொல்லைய என்னான்னு சொல்லுவீங்க?”

“இதா? மேட்டுக்கொல்லை.”

“மேடா ஒண்ணும் தெரியலியே ஆயா.”

“இப்ப எங்க தெரியும்? நான் வாக்கப்பட்டு வந்தப்ப ஆளுயரத்துக்கு இருந்துச்சு. ஏர் ஓட்டுனா கொழுவுல செங்கல்லு தட்டும். தட்டத் தட்ட எடுத்து வரப்புல போடுவாங்க. எங்க மாமனாரு அதுலதான் மாட்டுக் கொட்டா போட்டாரு.”

சில வாக்கியங்களிலேயே எத்தனை செய்தி பாருங்கள். பெயர் கிடைத்தது. பெயருக்குக் காரணமான மேடு மறைந்துவிட்டதும் தெரிந்தது. மேடு எதனால் ஆனது, எப்படிக் குறைந்தது, செங்கல் எங்கே போனது என்பதெல்லாம் கிடைத்தது. ராஜா என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. அப்படி வராமல் கிடைக்கிற சாட்சிதான் உறுதியானது.

பெயரைக் கேட்டபின் பொருள் கேளுங்கள். “ஏன் அப்படிப் பேர் வந்தது?” என்பதற்கு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். இரண்டையும் எழுதுங்கள், எது சரி என்று அங்கேயே பஞ்சாயத்து வைக்க வேண்டாம். “எல்லை எங்கே முடியுது?” என்றும் கேளுங்கள். சிலர் கையை நீட்டிக் காட்டுவார்கள், சிலர் கூடவே நடந்து வருவார்கள். நடந்து வருகிறவர் கிடைத்தால் அந்த நாள் உங்களுக்குப் பெரிய நாள்.

காலடியில் பார்க்க வேண்டியவை

சோழர் அரண்மனைகள் ஏன் மறைந்தன, கோயில்கள் ஏன் நின்றன என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். விடை கட்டுமானப் பொருளில் இருக்கிறது. கோயில் கருங்கல். அரண்மனை சுட்ட செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மரம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை மாளிகைமேட்டில் 1980-களில் தோண்டியது, அண்மை ஆண்டுகளிலும் தொடர்ந்தது. செங்கல் சுவர்கள், சிறு தட்டையான கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. மரத்தூண்கள் நின்ற கருங்கல் அடிகள் சிலவும் எஞ்சின. மரம் மக்கிவிட்டது. செங்கல்லை, அந்த ஆயா சொன்னது போல, தலைமுறை தலைமுறையாக மக்கள் எடுத்து வீடு கட்டினார்கள்.

மக்கள் மேல் மட்டும் பழி போடவும் கூடாது. அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்றுமதிலைப் பிரித்துக் கருங்கல்லைக் கொண்டுபோனார்கள். ஊர் ஏழை மக்கள் அதைத் தடுக்க முடிந்தவரை போராடினார்கள் என்றும், கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு நிறைவேறவில்லை என்றும் 1855-இல் அச்சான ஆங்கிலக் குறிப்பு ஒன்று பதிந்திருக்கிறது. பேருந்தில் அணைக்கரைப் பாலத்தைக் கடக்கும்போது கீழே பாருங்கள். நீங்கள் தேடிப் போகிற நகரத்தின் ஒரு பகுதியைத் தாண்டித்தான் போகிறீர்கள்.

நடக்கும்போது ஓட்டுத் துண்டோ பானை ஓடோ கண்ணில் பட்டால் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ அளவுக்கு வையுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்துப் பையில் போடாதீர்கள். கிடந்த இடத்திலிருந்து நகர்ந்துவிட்டால் அந்த ஓடு சொல்லக்கூடியதில் பாதி போய்விடும். மதிப்புள்ள பொருள் எதுவும் மண்ணில் கிடைத்தால் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் தோண்டுவது குற்றம். யாராவது “ராத்திரி வாங்க, ஒரு இடம் காட்டுறேன்” என்றால் போகாதீர்கள்.

கல்வெட்டோடு ஒத்துப் பார்ப்பது

பெயர்கள் ஓரளவு சேர்ந்ததும் கல்வெட்டுப் பக்கம் திரும்புங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாவட்ட நூலகத்தில் தொல்லியல் துறை வெளியீடுகளைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் தேட வேண்டியது அரசர்களின் வெற்றிகளைப் புகழ்ந்து பாடும் மெய்க்கீர்த்தி மட்டுமல்ல. நிலத்துக்கு நான்கெல்லை சொல்லும் பகுதிதான் உங்களுக்குப் பொன். “கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை” என்று தொடங்கும் இடங்களில் வாய்க்காலும் குளமும் வழியும் பெயரோடு வரும்.

மாளிகைக்குக் கல்வெட்டில் உள்ள பெயர் மாளிகைமேடு அல்ல. சோழகேரளன் திருமாளிகை என்று ஒரு பெயர் வருகிறது. ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திர சோழன் அங்கே ‘ராஜேந்திரசோழ மாவலி வாணராஜன்’ என்று பெயரிட்ட அரியணையில் அமர்ந்து ஆணையிட்டான். ஆசனத்துக்கே ஒரு பெயர்! அந்தப் பெயர் ஊரார் வாயில் இன்று இல்லை. மாளிகை என்ற சொல் மட்டும் நின்றது. விருதுப்பெயர்கள் அரசோடு போய்விடும், வேலையைச் சொல்லும் பெயர்கள் தங்கும். மெய்க்காவல்புத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். மெய்க்காவல் என்றால் அரசனின் உடலைக் காக்கும் படை. அவர்களைக் குடியேற்றிய புதிய ஊர் புத்தூர். பெயரைப் பிரித்தாலே போதும், சொல்லே பேசுகிறது. ஆயுதக்களம் படைக்கலக் கொட்டில் இருந்த இடம் என்பது ஊர்ப் பேச்சு. அதை நான் நம்ப விரும்புகிறேன். ஆனால் என் நோட்டில் ‘ஊரார் சொல்வது’ என்ற தலைப்பின் கீழ்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

ஏரியின் கதையும் இதுபோலத்தான். கங்கைவரை சென்ற படை கொண்டுவந்த நீரை நினைத்து ராஜேந்திரன் ஒரு பேரேரி வெட்டினான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதைக் கங்கை நீராலான வெற்றித்தூண் என்று சொல்கிறது. பெயர் சோழகங்கம். இன்று ஊரில் போய்ச் சோழகங்கம் எங்கே என்று கேட்டால் படித்தவர்கள் மட்டும் காட்டுவார்கள். பொன்னேரி என்று கேளுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் காட்டும். முன்சொன்ன 1855-ஆம் ஆண்டுக் குறிப்பு அதன் கரையின் நீளம் 16 மைல் என்கிறது. கரைமேல் நடந்து பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய நினைப்பு என்பது உறைக்கும். ஒரே நீர்நிலைக்கு அரசு வைத்த பெயர் ஒன்று, குடியானவன் வைத்த பெயர் ஒன்று. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவையுங்கள்.

பெயர் தேய்வதற்கு என் மனத்துக்குப் பிடித்த எடுத்துக்காட்டு குருவாலப்பர்கோயில். பலகையில் பார்த்தால் குருவா, வாலப்பரா என்று ஒன்றும் புரியாது. குருகைகாவலப்பர் கோயில் என்பதுதான் இப்படி ஆயிற்று. வைணவ ஆசாரியர் நாதமுனிகளின் சீடர் குருகைகாவலப்பர், கங்கைகொண்ட சோழபுரத்தில் யோகத்தில் இருந்தார் என்பது வைணவ மரபு. கோட்டைக்கும் இந்தப் பெயருக்கும் நேரடித் தொடர்பில்லை. தலைநகரத்தில் அரசனும் படையும் மட்டுமா இருந்தார்கள்? துறவியும் இருந்தார் என்பதை இந்தப் பெயர்தான் சொல்கிறது. கோட்டைப் பெயர்களை மட்டும் பொறுக்கினால் இது கைநழுவிப் போயிருக்கும். கண்ணில் பட்ட எல்லாப் பெயரையும் எழுதச் சொல்வது அதற்காகத்தான்.

வழக்கங்களும் கதைகளும்

பெயரோடு ஒட்டிக்கொண்டு வழிபாடும் கதையும் வரும். செங்கமேட்டில் காளியும் பைரவரும் இருக்கிறார்கள். சோழர் படை கலிங்கத்திலிருந்து கொண்டுவந்த வெற்றிச் சின்னங்கள் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட சிற்பங்கள் அவை. கல்லின் நிறமும் சிற்ப அமைதியும் நம்மூர் வேலை அல்ல என்று பார்த்ததுமே தெரியும். வந்தது போர்ப் பொருளாக. ஊர் அவற்றைத் தன் சாமியாக்கிக்கொண்டது. அங்கே படம் எடுப்பதற்கு முன் பூசாரியிடம் கேளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். முதலில் கும்பிட்டுவிட்டு அப்புறம் நோட்டைத் திறங்கள்.

கோயிலுக்குள் இருக்கும் சிங்கக்கிணற்றைப் பற்றி எல்லாரும் சொல்வது, ராஜேந்திரன் கங்கை நீரை இதில்தான் ஊற்றினான் என்பது. சிங்கத்தின் உடலுக்குள் நுழைந்து படி இறங்கிப் போகும் அந்த அமைப்பு உடையார்பாளையம் ஜமீன்தார் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில் செய்தது என்று அங்குள்ள பிற்காலக் கல்வெட்டு சொல்கிறது. சரி, அப்படியானால் கதை பொய்யா? நான் அப்படி எழுத மாட்டேன். சிங்கம் 19-ஆம் நூற்றாண்டு, கங்கை நீர்க் கதை ஊரின் நம்பிக்கை என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுவேன். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு படையெடுப்பை ஊர் இன்னும் தண்ணீரை வைத்தே நினைவில் வைத்திருக்கிறதே, அதுவே பதிவு செய்ய வேண்டிய செய்தி.

சுரங்கப்பாதைக் கதை எந்தக் கோட்டைக்குப் போனாலும் கிடைக்கும். எங்கிருந்து எங்கே என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரு முனையும் உண்மையான பழைய இடங்களாக இருக்க வாய்ப்புண்டு, நடுவில் சுரங்கம் இல்லாவிட்டாலும்.

ஆடித் திருவாதிரையை ராஜேந்திரனின் பிறந்தநாளாக ஊரில் கொண்டாடுகிறார்கள், இப்போது அரசு விழாவாகவும் நடக்கிறது. ஐப்பசிப் பௌர்ணமியில் பெரிய லிங்கத்துக்கு அன்னாபிஷேகம். அந்த நாள்களில் வெளியூரில் பிழைக்கப் போனவர்கள் எல்லாம் ஊருக்கு வருவார்கள். சின்ன வயதில் விளையாடிய குளத்தின் பெயரைச் சென்னையில் இருபது ஆண்டு இருந்துவிட்டு வந்தவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். உள்ளூரிலேயே இருந்தவர்களுக்கு அது மறந்து போயிருந்தது.

எழுதி வைப்பது

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாயில் வந்தபடி பெயர் முதலில். உட்கோட்டையைச் சிலர் உக்கோட்டை என்பார்கள், அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அடுத்துப் பதிவேட்டில் உள்ள வடிவம், புல எண், கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, மாளிகைமேட்டிலிருந்து திசை, சொன்னவரின் வயது, அவருக்கும் அந்த நிலத்துக்கும் உள்ள உறவு, தேதி. சொன்னவரின் பெயரை எழுத அவரிடம் ஒப்புதல் கேளுங்கள். குரலைப் பதிவு செய்ய முடிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ழகரமும் ளகரமும் எழுத்தில் மாறிவிடும், குரலில் மாறாது. நிலத் தகராறில் இருக்கிற கொல்லையின் பெயரைப் பொதுவில் போடாதீர்கள்.

சேர்ந்ததைப் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குளம், பாதைப் பெயர்களாக ஏற்றலாம். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். மனை போட்டு விற்கிறவர்கள் கொல்லைக்கு ஒரே வாரத்தில் ஏதாவது ஒரு நகர் என்று புதுப் பெயர் வைத்துவிடுகிறார்கள். அதற்கு முன் பழைய பெயர் ஓர் இடத்திலாவது எழுத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம், பட்டியல் ஓரளவு நிறைந்ததும் அதே ஊருக்குத் திரும்பப் போங்கள். மர நிழலில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து ஒவ்வொரு பெயராக உரக்கப் படியுங்கள். மூன்றாவது, நான்காவது பெயரிலேயே யாராவது தடுப்பார்கள்: “அது அங்க இல்ல தம்பி, வாய்க்காலுக்கு மேலண்டை.” இன்னொருவர், “அத விட்டுட்டீங்களே” என்று நீங்கள் கேள்விப்படாத ஒன்றைச் சொல்வார். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு போங்கள்.